பனியன் துணியில் கட்டிய மிட்டாய்கள்

நல்லூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையில் இன்று மாலை தலைவலி மாத்திரை வாங்கினேன். சில்லறை இல்லையென்று கடைக்காரர் ஒரு எலுமிச்சை மிட்டாயை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார். ஏதோ யோசனையில் உறையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன். புளிப்பு பட்டதும் நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. அந்த வாசனை மூக்குக்கு ஏறிய பிறகுதான் உன் நினைவு வந்தது. பல்லடம் போகும் பேருந்து வந்து நின்றது. ஏறவில்லை. மிட்டாய் கரைந்து முடியும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நீ என்று எழுதுகிறேன். நீ இருந்தவரை உன்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் கொங்குப் பக்கத்தில் பெற்ற பிள்ளையைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவோம். "ஒரே டப்பாவுல சோறு திங்கோம், இன்னும் எனக்கு 'ங்க' போடுதியளே டீச்சர்" என்று கேட்டுச் சிரிப்பாய். அப்படிக் கேட்கும்போதும் நீ 'போடுதியளே' என்று உங்கள் ஊர் மரியாதையோடுதான் கேட்டாய். இந்த மடலில் மட்டும் அந்த மரியாதையை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறேன்.

எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு நீ மாற்றலாகி வந்தது ஒரு ஜூன் மாதத்தில். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. உன் வீட்டுக்காரர் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரே மகள் ஜெனி அப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். உனக்கு அறிவியல், எனக்குத் தமிழ். ஆசிரியர் அறையில் ஜன்னலோரமாக இரண்டு நாற்காலிகள் நமக்கு வாய்த்தன. சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட். காலையில் ஓடத் தொடங்கினால் பள்ளி விடும்வரை ஓயாது. அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசியே நம் இருவருக்கும் குரல் தடித்துப்போனது.

அடுத்த வருடம் உன் முகம் உப்பத் தொடங்கியது. காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தைராய்டாக இருக்கும் என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரத்த அழுத்தம் எப்போதோ வந்து, சத்தமே இல்லாமல் சிறுநீரகம் இரண்டையும் தின்றுவிட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது மருந்து வேலை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. புதனும் சனியும் மருத்துவமனையில் படுத்து, கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விட்டாக வேண்டும் என்றார்கள். அதற்காக உன் இடது கையில் ஒரு சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்தார்கள். நாள் ஆக ஆக அந்த இடம் கயிறுபோல் புடைத்து வளைந்து நின்றது. அதை மறைக்க முழங்கைக்குக் கீழே வரும்படி ரவிக்கை தைத்துக்கொண்டாய்.

மாற்றுச் சிறுநீரகம் வைக்கும் பேச்சும் வந்தது. உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். அவரிடமிருந்து எடுக்க முடியாது. ஊரிலிருந்த உன் தம்பி முதலில் தருகிறேன் என்றான். பரிசோதனைக்கு வரச் சொன்ன பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். ஜெனி தன்னுடையதைத் தருவதாகச் சொல்லி அழுதாள். அந்தப் பேச்சை நீ காதிலேயே வாங்கவில்லை. தம்பியைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினாய். அவனுக்கு இரண்டும் சின்னப் பிள்ளைகள், அவன் பயப்படுவதில் தப்பில்லை என்றாய். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஊசியைவிட உன்னை வாட்டியது தாகம். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் உனக்கு அனுமதி. காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடக்கம். உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கி, நுரையீரலை நனைத்து, மூச்சை அடைக்கும் என்று எச்சரித்திருந்தார்கள். அனல் பறக்கும் வெயிலில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவளுக்கு அந்த பாட்டில் எந்த மூலைக்கு? நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாராம் அங்கே இருந்த ஒரு நர்ஸ். அன்றிலிருந்து உன் கைப்பையில் மிட்டாய் இல்லாத நாள் கிடையாது. பிள்ளைகள் உனக்கு மிட்டாய் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். உனக்கு ஒன்று எடுத்தால் எதிரே நிற்கும் பிள்ளைக்கும் ஒன்று கொடுப்பாய்.

உன் எதிரில் தண்ணீர் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவேன். சில நாள் கழித்து நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். "இங்கனயே இருந்து குடிங்க டீச்சர். நீங்க மடக்கு மடக்குன்னு குடிக்கதப் பாத்தா எனக்கு நல்லாருக்கு" என்றாய். நான் குடித்தேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பாதி பாட்டிலுக்கு மேல் என்னால் விழுங்க முடியவில்லை.

பள்ளியில் தலைமையாசிரியருக்கும் எனக்கும் மட்டும்தான் உன் நோய் தெரியும். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று நீதான் கேட்டுக்கொண்டாய். ஆனால் ஒருநாள் கரும்பலகையின் உச்சியில் எழுதக் கையைத் தூக்கியபோது ரவிக்கையின் கை வழுக்கி மேலே ஏறிவிட்டது. முன் வரிசையிலிருந்த கவிப்ரியா பார்த்துவிட்டாள். புடைத்த நரம்பு, ஊசி குத்திய கறுப்புத் தழும்புகள். வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அது அந்தத் தெரு முழுக்கச் சுற்றியது. ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் என்றார்கள் சிலர். ஒட்டிக்கொள்ளும் நோய் என்றார்கள் சிலர். கொஞ்ச நாளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உன் மிட்டாயை வாங்கிப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெளியே போய்ச் சாக்கடையில் எறிந்தார்கள். நான் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீயும் பார்த்திருந்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது.

கவிப்ரியாவின் அம்மா ஒருநாள் தலைமையாசிரியரைப் பார்க்க வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். சண்டை போட வரவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். டீச்சர் நல்லவங்கதான், பாடமும் நன்றாக நடத்துகிறார்களாம், ஆனால் என் பிள்ளைக்கு அவர்கள் கையால் மிட்டாய் வேண்டாம் என்றாள். நீயும் நானும் பக்கத்து அறையில்தான் இருந்தோம். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் பேசிய ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நீ திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளை மூடி வைத்தாய்.

அவள் போன பிறகு தலைமையாசிரியர் உன்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை அவர், பயந்தவர். கொஞ்ச நாளைக்கு மிட்டாய் கொடுப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள், முடிந்தால் நீண்ட விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நீ சொன்ன பதிலை நான் வாசலில் நின்று கேட்டேன்.

"மிட்டாய நிறுத்திருதேன் சார். நாளைக்கு நான் திருத்துன நோட்டத் தொடக்கூடாதும்பாங்க. அப்புறம் நான் உக்காந்த நாற்காலிய. எதுவரைக்கும் நிறுத்த? எனக்கு ஒரு பீரியட் தாங்க. அந்தம்மாவையும் வரச் சொல்லுங்க."

அந்த வகுப்புக்கு நீ எப்படித் தயார் செய்தாய் என்பது எனக்குத்தான் தெரியும். உன் வீட்டுக்காரரிடம் சொல்லிக் கம்பெனியிலிருந்து வெள்ளைப் பனியன் துணியின் வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னாய். நானும் நீயும் கடைவீதியில் நடந்து பல வண்ணப் பட்டன் மிட்டாயும் ஜெல்லி மிட்டாயும் வாங்கினோம். முதல்நாளே இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஜெல்லி மிட்டாயை ஊறப் போட்டாய். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்புக் கரைத்த தண்ணீர். வீட்டுக்குப் போகும்போது, "நாளைக்கு அழுதுட்டேன்னா நீங்க உள்ள வந்து பாடத்த முடிச்சிருங்க" என்றாய். எனக்கு அறிவியல் தெரியாதுங்களே என்றேன். தெரிந்ததைச் சொல்லுங்கள் போதும் என்றாய்.

மறுநாள் கவிப்ரியாவின் அம்மா கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, வகுப்பின் கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் நான்.

முதலில் சத்துணவுத் தட்டு ஒன்றை மேசைமேல் வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிப் பட்டன் மிட்டாய்களை அடுக்கச் சொன்னாய். நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாய். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் மிட்டாயை விட்டு இறங்கி, நூல் பிரிவதுபோல் பிரிந்து, தட்டின் நடுவை நோக்கி நகர்ந்தன. பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். தண்ணீரை யாரும் தள்ளவில்லை, கலக்கவில்லை. நிறம் அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குத் தானாகப் போகிறது, இதற்குப் பரவல் என்று பெயர் என்றாய். பிறகு டம்ளர்களைக் காட்டினாய். வெறும் தண்ணீரில் கிடந்த ஜெல்லி தவளைக்குட்டி மாதிரி ஊதிப் பெருத்திருந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்தது அவ்வளவாக ஊதவில்லை. தண்ணீர் எங்கே போவது, எங்கே நிற்பது என்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு, இதுதான் உங்கள் புத்தகத்தில் இருக்கும் சவ்வூடு பரவல் என்றாய். அதுவரை உன் குரல் எப்போதும்போல் இருந்தது.

பிறகு பனியன் துணியை எடுத்தாய். அதில் பட்டன் மிட்டாய்களையும் சில கூழாங்கற்களையும் வைத்து முடிச்சுப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தொங்கவிட்டாய். துணியைக் கடந்து சாயம் புகைபோல் இறங்கியது. கற்கள் உள்ளேயே இருந்தன. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்கக் கலங்கிய நிறமானது. அதற்கு மேல் சாயம் இறங்குவதாகத் தெரியவில்லை. இனி என்ன செய்யலாம் என்று கேட்டாய். பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ரோஷ்னிதான் எழுந்தாள். நம் ஊரிலேயே வளர்ந்த பிள்ளை. "தண்ணிய மாத்துனா மறுக்கா எறங்குமுங்க டீச்சர்" என்றாள். மாற்றினாய். இறங்கியது.

அப்போது நீ ரவிக்கையின் கையை மேலே ஏற்றினாய். சுவருக்கு அந்தப் பக்கத்து மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்குச் சிறுநீரகம் ரெண்டும் வேல செய்யல. ஆசுபத்திரியில ஒரு மெஷின் இருக்கு. அதுக்குள்ள இந்தத் துணி மாதிரி, இதவிட ரொம்பப் பொடிசா ஓட்டை உள்ள குழாய்ங்க ஆயிரக்கணக்குல இருக்கு. என் ரத்தம் அதுக்குள்ள போவும். அழுக்கு வெளிய எறங்கும். ரத்தம் கல்லு மாதிரி உள்ளயே நின்னுக்கிடும். அழுக்க வாங்குத தண்ணிய மாத்திக்கிட்டே இருப்பாங்க. இது யாருக்கும் ஒட்டாது. என் பிள்ளைக்கும் ஒட்டல, என் டீச்சருக்கும் ஒட்டல."

என் டீச்சர் என்று சொல்லும்போது வாசல் பக்கம் கையை நீட்டினாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

யாராவது தொட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டாய். யாரும் எழவில்லை. பிறகு ரோஷ்னி வந்து அந்தப் புடைப்பின்மேல் விரலை வைத்தாள். உள்ளே மோட்டார் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கவிப்ரியா வரும்போது அழுதுகொண்டே வந்தாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தாய். எல்லோருக்கும் கடைசியாக அவள் அம்மா வந்தாள். தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வலிக்குமா டீச்சர் என்று கேட்டாள்.

"ஊசி குத்தும்போது வலிக்கும். அது பழகிரும்மா. தாகந்தான் பழக மாட்டேங்கு" என்றாய்.

அவள் கையை நீட்டினாள். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாய். அவள் அதை அங்கேயே பிரித்து வாயில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நீ அழவில்லை. ஆசிரியர் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாய். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நீ பிள்ளைகளுக்குச் சொன்னபோதுதான், இது ஒருநாளும் முடியப்போவதில்லை என்பது எனக்கு உறைத்தது. அதுவரை, ஏதோ சில மாதங்கள் போனால் உனக்குச் சரியாகிவிடும் என்பதுபோல்தான் நான் பேசி வந்திருக்கிறேன். என் அந்தப் பேச்சையெல்லாம் நீ திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு குடும்பம் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டது. ஆனால் சாக்கடையில் மிட்டாய் விழுவது நின்றது. புதன்கிழமைகளில் நீ வராதபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வந்து, இன்றைக்கு டீச்சருக்கு எவ்வளவு தண்ணீர் எடுப்பார்கள் என்று கேட்டார்கள். தெரியாதுங்க கண்ணு என்பேன்.

அந்த ஆண்டு கோடை விடுமுறையில் உன் தம்பி போன் செய்தான். புது வீடு கட்டியிருக்கிறான். அக்கா வராமல் குடிபோக மாட்டேன் என்று அழுதிருக்கிறான். போகாதீங்க, வெயிலு தாங்காதுங்க என்று நான் சொன்னேன். "அவன் மொகத்தப் பாத்து ரொம்ப நாளாச்சு டீச்சர்" என்றாய். அங்கே பக்கத்து நகரத்தில் இருக்கும் மருத்துவமனையில் சனிக்கிழமைக்கு மெஷினுக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாய். பேருந்து நிலையத்துக்கு நானும் வந்தேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாய். வண்டி நகர்ந்ததும் விட்டுவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பல்லடத்தில் என் அண்ணன் வீட்டில் இருந்தபோது உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "டீச்சர், அவ போயிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனை யாரிடமோ கொடுத்துவிட்டார். உடனே உன் ஊருக்குப் பேருந்து ஏறினேன். நான் வந்து சேரும்வரை வைத்திருந்தார்கள். உன் முகம் உப்பியிருந்தது. உதடு மட்டும் ஈரமாக, வெடிப்பில்லாமல் இருந்தது. மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் உன்னை இறக்கியபோது உன் தம்பி கூட்டத்தில் நிற்கவில்லை. மதிலோரம் தனியாக உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளி திறந்ததும் பிள்ளைகள் கேட்டார்கள். மாரடைப்பு என்றேன். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். உன் இடத்துக்கு வந்த ஆசிரியை சின்னப் பெண், நன்றாகத்தான் நடத்துகிறாள். உன் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் என்னிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.

அந்த ஜூனில் ஒரு மத்தியானம் ஜெனி என் வீட்டுக்கு வந்தாள். அவள் அப்பாவுக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லையாம், வீட்டைக் காலி செய்கிறார்களாம். சாப்பிடச் சொன்னேன். தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு விஷயம் சொல்லணும் ஆன்ட்டி என்று ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை மருத்துவமனைக்குப் போயிருக்கிறீர்கள். மெஷின் எதுவும் காலியில்லை, மறுநாள் காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம். வீட்டுக்குத் திரும்பி வந்தீர்கள். வெயில் தாங்கவில்லை. நீ புது வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து தம்பியிடம் தண்ணீர் கேட்டிருக்கிறாய். அவன் ஒரு டம்ளர் கொண்டுவந்தான். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாய். அதையும் கொடுத்தான். அவன் அழுதுகொண்டே ஊற்ற ஊற்ற நீ குடித்துக்கொண்டே இருந்தாய்.

"அம்மா மொகம் அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல ஆன்ட்டி. அவ்வளவு சந்தோசமா இருந்தாங்க. அப்பா கிட்ட வந்தாங்க, அம்மா கையக் காட்டி நிறுத்திட்டாங்க. அப்புறம் நாங்க யாருமே தடுக்கல. தடுத்திருக்கணுமா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். எந்தத் தண்ணீர் எங்கே போய் என்ன செய்யும் என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரையும்விட உனக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் காலைவரை தாங்கும் என்று நினைத்துக் குடித்தாயா, தாங்காது என்று தெரிந்தே குடித்தாயா? எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவளுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. இனி வாழ்நாள் முழுக்க அந்தக் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப்போகிறவள் அவள்.

"இல்ல கண்ணு. நீங்க செஞ்சதுதான் சரி. அம்மா கேட்டதக் குடுத்தீங்க" என்றேன்.

அவள் சாப்பிட்டாள். மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். அதைப் பற்றி மறுபடி அவள் கேட்டதில்லை.

உன்னைக் கேட்காமல், உனக்காக நான் சொன்ன பதில் அது. சரியா, தவறா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரிடமும் இறக்கி வைக்க முடியாமல் அதைச் சுமந்துகொண்டுதான் தினமும் வகுப்புக்குப் போய் வருகிறேன். நாளைக்கே அவள் மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.